ஊர் ஒப்பாதது நோயாகுமா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகப் பார்க்கச் சொல்லும் 115-ஆவது பிரிவைப் பற்றி அப்போது பத்திரிகைகள் நிறைய எழுதின. 3-ஆவது பிரிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை எதை வைத்து முடிவுசெய்வது என்று சொல்லும் பிரிவு அது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் போன்ற, பரவலாக ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. அத்தோடு நிற்காமல், எதையெல்லாம் வைத்து முடிவுசெய்யக் கூடாது என்றும் விரிவாகச் சொல்கிறது.

அந்த இரண்டாவது பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, அவர் என்ன இனம், என்ன மதம் என்பதையோ காட்டி அவரை மனநோயாளி எனக் கூடாது. அவர் வாழும் சமூகத்தின் ஒழுக்க நெறிக்கோ பண்பாட்டுக்கோ அரசியல் கருத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதும் காரணமாகாது. எப்போதோ ஒருமுறை மனநல மருத்துவமனையில் சேர்ந்திருந்தார் என்பதால் மட்டும் இன்றைக்கும் நோயாளி என்று ஆகிவிடாது. சட்டம் சும்மா எதையும் தடுப்பதில்லை. ஏற்கெனவே நடந்ததை, நடந்துகொண்டிருப்பதைத்தான் தடுக்கும். ஊரோடு ஒத்துப்போகாதவர்களுக்கு நோய்ப்பட்டம் கட்டுகிற வழக்கம் மருத்துவத்துக்கு இருந்திருக்கிறது என்று இந்தப் பிரிவு சொல்லாமல் சொல்கிறது.

வழக்கம் பழையது. 1851-ல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எஜமானரிடமிருந்து தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று எழுதினார். கிரேக்கச் சொற்களைக் கோத்து ‘டிரேப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். எஜமானர் அளவுக்கு மீறி இறங்கிவந்து சமமாக நடத்தினாலும் இந்த நோய் வரும், அளவுக்கு மீறிக் கொடுமை செய்தாலும் வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அறிகுறி தெரியும்போதே சவுக்கால் அடிப்பது தடுப்பு முறை. கார்ட்ரைட் தெருவோர லேகிய வியாபாரி இல்லை. மாநில மருத்துவச் சங்கத்துக்கு அறிக்கை அளித்தவர். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழ் அதை அச்சிட்டது. அவர் ஊரில் அடிமை ஓடுவதுதான் இயல்புக்கு மாறான நடத்தை. அந்த ஊரின் கண்ணால் பார்த்தார், மருத்துவத்தின் மொழியில் எழுதினார்.

சோவியத் ஒன்றியத்தில் இதே காரியம் இன்னும் பக்குவமாக நடந்தது. அங்கே மனநல மருத்துவத்தின் உச்சியில் இருந்த ஆந்திரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி, ‘மந்தகதி மனச்சிதைவு’ என்றொரு வகையை வகுத்திருந்தார். மாயக்குரல் கேட்க வேண்டாம், பிதற்ற வேண்டாம். நோய் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் முற்றும். சமுதாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற விடாப்பிடியான எண்ணம்கூட அறிகுறிக் கணக்கில் சேர்ந்தது. பியோத்தர் கிரிகோரென்கோ சோவியத் ராணுவத்தில் ஜெனரல். ஆட்சியை விமர்சித்ததால் மனநோயாளி என்று அடைக்கப்பட்டார். பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். அமெரிக்காவில் அவரைச் சோதித்த மருத்துவர்களுக்கு எந்த நோயும் தென்படவில்லை. உலக மனநல மருத்துவச் சங்கம் வெளியேற்றிவிடும் என்ற நிலையில் 1983-ல் சோவியத் சங்கம் தானே விலகிக்கொண்டது. நடந்ததை ஓரளவு ஒப்புக்கொண்ட பிறகு 1989-ல் திரும்பச் சேர்ந்தது.

அடிமை முறை, சர்வாதிகாரம் என்று இவற்றைத் தள்ளிவைத்துவிடலாம். நேர்மையான மருத்துவரும் உளவியலாளரும் என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. கல்லூரி உளவியல் பாடநூலில் ‘பிறழ் நடத்தை’ என்ற அத்தியாயத்தைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே அளவுகோல்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலோரிடம் காணப்படாதது, சமூக நெறியை மீறுவது, ஒருவருக்குத் துன்பம் தருவது, அன்றாட வாழ்க்கையை முடக்குவது, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த பத்தியிலேயே மறுப்பும் இருக்கும். நுண்ணறிவு ஈவு 70-க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். 130-க்கு மேலே இருப்பவர்களும் அவ்வளவுதான். அரிது என்பதே அளவுகோலானால் இருவரையும் ஒரே வார்டில் சேர்க்க வேண்டும். ஆபத்து என்பதும் பெரிதாக உதவாது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. சினிமா நமக்கு ஊட்டிய பயம் அது. உண்மையில் அவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

துன்பம் என்ற அளவுகோல் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் இருமுனையக் கோளாறில் பித்துநிலை உச்சத்தில் இருப்பவரைக் கேட்டால், வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை என்பார். மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து நாலு கார் முன்பதிவு செய்திருப்பார். துன்பப்படுகிறவர்கள் மனைவியும் பிள்ளைகளும்தான். அடுத்து முடக்கம்: எதைச் செய்ய முடியாமல் போனால் முடக்கம் என்பதையும் சமூகம்தானே சொல்கிறது? முப்பது வயதில் கல்யாணம் வேண்டாம் என்கிற பெண்ணை முடங்கியவள் என்று சொல்ல நம் ஊரில் ஆள் இல்லையா?

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற அமெரிக்கரான ஜெரோம் வேக்ஃபீல்டு 1992-ல் ஒரு வழி சொன்னார். மனத்தின் இயற்கையான இயக்கம் ஏதோ ஒன்று பழுதாகியிருக்க வேண்டும். அந்தப் பழுதால் அவருக்குத் தீங்கும் விளைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கோளாறு. பழுதை அறிவியல் சொல்லட்டும், தீங்கைச் சமூகம் சொல்லட்டும். இதுவரை வந்தவற்றில் கூர்மையான வரையறை இதுதான் என்பது என் எண்ணம். என்ன, இதயம் எதற்காக இயங்குகிறது என்று நமக்குத் தெரியும். வருத்தமோ வெட்கமோ எதற்காக இயங்குகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆகவே பழுது எங்கே என்பதும் பல நேரங்களில் ஊகமாகவே நின்றுவிடுகிறது.

இவ்வளவு தத்துவமும் ஒரு நடைமுறைச் சண்டையிலிருந்து பிறந்தது என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952-ல் தன் நோய்க் கையேட்டின் முதல் பதிப்பை வெளியிட்டது. டி.எஸ்.எம். என்று உலகம் முழுக்க அறியப்படும் அந்தக் கையேட்டில் தன்பாலின ஈர்ப்பு ஒரு கோளாறாக இருந்தது. ஆதாரம் என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மருத்துவர்கள் பார்த்த தன்பாலினத்தவர் அனைவரும் நோயாளிகளாகவோ கைதிகளாகவோ இருந்தார்கள்; ஏனென்றால் அவர்கள் மட்டும்தான் மருத்துவர் முன்னால் வந்தார்கள்.

எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் இந்த இடத்தில் கை வைத்தார். சிகிச்சைக்கு வராத, சாதாரணமாக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த 30 தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களையும் அதேபோல 30 மற்ற ஆண்களையும் தேர்ந்து, மைத்தடச் சோதனை உள்ளிட்டவற்றைச் செய்தார். முடிவுகளைப் பெயர் நீக்கி, அந்தச் சோதனைகளில் கரைகண்ட நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957-ல் வெளிவந்த ஆய்வு இது. எளிமையான யோசனை, அதுவரை எவருக்கும் தோன்றாதது வெட்கக்கேடு.

கையேடு அசைய மேலும் பதினாறு ஆண்டு ஆயிற்று. 1972-ல் டல்லாஸ் நகரில் நடந்த சங்க மாநாட்டு மேடையில் ஒரு மருத்துவர் ரப்பர் முகமூடியும் பொய் முடியும் தொளதொள கோட்டுமாக வந்து உட்கார்ந்தார். குரலை மாற்றும் மைக்கில் பேசினார். தானும் ஒரு மனநல மருத்துவர், தானும் தன்பாலினத்தவர் என்றார். பெயர் சொன்னால் வேலை போய்விடும். ஜான் ஃபிரையர் என்ற அவர் பெயர் பல ஆண்டுகளுக்குப் பிறகே ஊருக்குத் தெரிந்தது. நோயை வரையறுக்கும் சபைக்குள்ளேயே ‘நோயாளி’ உட்கார்ந்திருந்தார், அவருடைய மருத்துவத் திறமையில் எந்தக் குறையும் இல்லாமல்.

1973 டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு தன்பாலின ஈர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்த்தவர்கள் பொது வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974-ல் நடந்த அதில் நீக்கத்தை ஆதரித்து 5,854 வாக்கும் எதிர்த்து 3,810 வாக்கும் விழுந்தன. ஓட்டுப் போட்டு நோயை ஒழித்த ஒரே மருத்துவத் துறை இதுதான் என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். கேலியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 1952-ல் சேர்த்தபோது இதற்கென்று தனி ஓட்டுகூட இல்லை. ஆதாரம் இல்லாமல் உள்ளே வந்தது, ஆதாரத்தை வைத்து வாதாடிய பிறகு ஓட்டில் வெளியே போனது. எனக்கு இரண்டாவது முறை மேலாகத் தெரிகிறது.

நீக்கத்துக்கு வழி செய்தவர் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர். எதைக் கோளாறு என்பது என்ற கேள்விக்கு அவர் அப்போது பதில் தேட வேண்டியிருந்தது. அந்த நிலையே ஒருவருக்கு வழக்கமாகத் துன்பம் தர வேண்டும், அல்லது அவரது வாழ்க்கையைப் பொதுவாகவே முடக்க வேண்டும் என்றார். 1980-ல் அவர் தலைமையில் வெளிவந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இந்தச் சிந்தனை முறையான வரையறையாக இடம்பெற்றது. இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் ஒப்பிக்கப்படும் துன்பம், முடக்கம் என்ற இரண்டு சொற்களும் ஒரு நோயை நீக்குவதற்காக எழுந்த வாதத்தில் உரம் பெற்றவை.

அந்த வாதத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. தன் ஈர்ப்பை நினைத்துத் துன்பப்படுகிறவரை என்ன செய்வது? அவருக்கென்று வேறு பெயரில் ஒரு கோளாறு பட்டியலில் ஒட்டிக்கொண்டது. 1987 வரை இருந்தது. வீட்டில் அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள், அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள், வேலை போய்விடும் என்று பயம். துன்பப்படாமல் யார் இருப்பார்கள்? ஊர் கொடுத்த துன்பத்தை அளந்து, அதையே நோய்க்கு அத்தாட்சியாக எழுதிக்கொண்டால், சமூக நெறி என்ற அளவுகோல் கொல்லைப்புறம் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. துன்பம் இருக்கிறதா என்று கேட்பது போதாது, அது எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டாக வேண்டும். ஊர் நெறியை மீறியிருக்கிறார் என்பது ஒருவரிடம் உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கக் காரணமாகலாம். தீர்ப்பெழுதக் காரணமாகக் கூடாது. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஸ்பிட்சரே 2003-ல், சிகிச்சையால் ஈர்ப்பை மாற்ற முடியும் என்பதுபோல ஓர் ஆய்வை வெளியிட்டு, 2012-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரையறையை எழுதியவருக்கே வழுக்குகிற இடம் இது.

நம் ஊரில் இது எங்கே நிற்கிறது? மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு பிறப்பித்தார். தனக்கே இதில் தெளிவு போதவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய உத்தரவு. பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்கு அதில் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே ஆணையம் 2024-ல் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில், தடயவியல் பகுதியில் பெண்களின் தன்பாலின உறவு இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மறுபடி முளைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். பட்டியலிலிருந்து நீக்கியது பாடத்திட்டத்திலிருந்து போக எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மனநோய் என்பதே கட்டுக்கதை என்ற முடிவுக்குப் போகிறவர்கள் உண்டு. மனநல மருத்துவரான தாமஸ் சாஸ் 1961-ல் அப்படித்தான் புத்தகம் எழுதினார். இந்த அணி தவறாமல் எடுத்துக்காட்டுவது உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973-ல் வெளியிட்ட ஆய்வை. நலமாக இருந்த எட்டுப் பேர், குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பொய் என்று மருத்துவர்கள் எவரும் கண்டுபிடிக்கவில்லை என்ற கதை. எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. சுசானா கஹாலன் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் துருவி 2019-ல் எழுதிய நூல், ஆய்வின் விவரங்கள் பலவற்றில் கனத்த சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. பாடநூல்கள் இன்னும் அதை விடவில்லை.

மனநோய் கட்டுக்கதை என்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரே பதில் போதும்: ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவைச் சுற்றி நடந்துவந்த தனியார் காப்பகங்களில் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அவர்களைக் கட்டிவைத்தது எந்த அமெரிக்கக் கையேடும் இல்லை. நோய் என்று பெயர் சொல்லி, மாத்திரை கொடுத்து, மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்ப ஆள் இல்லாததால் வருடக்கணக்கில் அங்கே கிடந்தவர்கள் அதில் உண்டு. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015–16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், துல்லியமாக 10.6 சதவீதம் பேருக்கு, ஏதோவொரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது. பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நோய்ப்பட்டம் தேவையில்லாத இடத்தில் கட்டப்படுவதும், தேவையான இடத்தில் மறுக்கப்படுவதும் ஒரே மாவட்டத்தில், சில சமயம் ஒரே தெருவில் நடக்கிறது.

கோயிலையும் தர்காவையும் ஒட்டுமொத்தமாகத் திட்டுவதும் சரியில்லை. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு ஆய்வாளர்கள் கவனித்து, 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மந்திரிப்பதில்லை, வேப்பிலை அடிப்பதில்லை, மருந்தும் இல்லை. தங்கினார்கள், சிறு வேலைகள் செய்தார்கள், யாரும் விரட்டவில்லை. நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை, ஆகவே பெரிய முடிவுகளுக்குத் தாவ வேண்டாம். அடைத்து வைப்பதற்கும் அமர வைப்பதற்கும் உள்ள தூரத்தையாவது அது காட்டுகிறது.

சூழல் எவ்வளவு முக்கியம் என்பது நம் கிராமத்துக்காரர்களுக்குப் பாடநூல் இல்லாமலே தெரியும். கொடை விழாவில் உடுக்கைச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடுகிற சாமியாடியை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் திருநீறு பூசி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அதே ஆட்டம் ஒரு மருமகளுக்கு நடுராத்திரி அடுப்படியில் வந்து, நினைத்தபோது நிற்காமல், வாரக்கணக்கில் தொடர்ந்தால் வீடே கலங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-ம் இதைத்தான் சொல்கிறது: தன் விருப்பமின்றி வந்து, துன்பமோ முடக்கமோ தந்தால் மட்டுமே கோளாறு, மக்கள் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக இருந்தால் இல்லை. அந்த மருமகளுக்கு ஏன் வந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் பேயைவிடப் பெரிய கதை வெளிவரும். அது வேறு கட்டுரை.

இதைவிட வியப்பானது, நோய் என்பதில் சந்தேகமே இல்லாத இடத்திலும் ஊர் புகுந்துவிடுவது. மானுடவியலாளர் தான்யா லூர்மன், அமெரிக்காவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று ஊர்களில், குரல்கள் கேட்கும் தீவிர மனநோயாளிகள் இருபது இருபது பேரிடம் பேசினார். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்கள் கூட இருந்தார்கள். 2015-ல் முடிவுகள் வந்தன. அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்களில் வன்முறையும் சித்திரவதையும் அதிகம். யாரென்றே தெரியாத குரல்கள். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சாப்பிடு, வேலையைப் பார் என்று அதட்டுகிற குரல். திட்டவும் செய்யும், புத்தியும் சொல்லும். சென்னைக்காரர்களுக்கு நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை அவர்களுக்கும் வேண்டும். ஆனால் குரல் கேட்கிறதா என்று மட்டும் கேட்டுக் கட்டத்தில் குறி போட்டுவிடும் மருத்துவர், யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் மருத்துவருக்குத் தெரிவதில் பாதியைத் தவறவிடுகிறார்.

வரையறைச் சண்டையின் இன்றைய களம் துக்கம். டி.எஸ்.எம். நான்காம் பதிப்பில் ஒரு விலக்கு இருந்தது: நெருங்கியவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் வரும் சோர்வைப் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று எழுத வேண்டாம். 2013-ல் ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை எடுத்துவிட்டது. இழப்புக்குப் பின் உண்மையிலேயே நோயில் விழுகிறவர் சிகிச்சையில்லாமல் போய்விடக் கூடாது என்பது அவர்கள் தரப்பு. நான்காம் பதிப்புக்குத் தலைமை வகித்த ஆலன் ஃபிரான்சஸே எதிர்த்து எழுதினார். சாதாரண மனிதர் எவரும் மிஞ்சமாட்டார்கள் போலிருக்கிறதே என்பது அவர் கவலை. 2022-ல் வந்த திருத்தப் பதிப்பில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ சேர்ந்தது. இறப்பு நிகழ்ந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், அவரவர் பண்பாடு எதிர்பார்க்கும் அளவைத் துக்கம் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். ஐ.சி.டி.-11-க்கு ஆறு மாதமே போதும்.

பன்னிரண்டு மாதம் என்றதும் நமக்கு வருஷத் திதி நினைவுக்கு வரும். பதினாறாம் நாள் கருமாதி, அந்த வருஷம் பொங்கல் தீபாவளி இல்லை, வருஷம் திரும்பியதும் தெவசம், பிறகு வீட்டில் நல்ல காரியம் பேசத் தொடங்கலாம். துக்கத்துக்குக் காலமும் கொடுத்து, எல்லையும் போட்ட ஏற்பாடு அது. கைம்பெண்களுக்கு அந்த எல்லையே இல்லாமல் செய்ததும் இதே ஏற்பாடுதான் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்தக் கணக்கு எதற்கும் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. இலங்கையின் வடக்கு, கிழக்கில் போரின்போதும் 2009-ல் அது முடிந்தபோதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை ஏந்தி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கையேட்டின்படி அவர்கள் துக்கத்திலேயே இல்லை; ஏனென்றால் இறப்பு நிகழ்ந்ததாக யாரும் உறுதி செய்யவில்லை. திதி கொடுக்க நாள் இல்லை. கொடுத்தால் பிள்ளை செத்ததைத் தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். பத்தாண்டுக்கு மேலாகத் தூக்கமில்லை, எந்நேரமும் அதே நினைப்பு, வேறு எதிலும் ஆர்வமில்லை. கட்டத்தில் குறி போட்டுக்கொண்டே வந்தால் எத்தனையோ கோளாறுகள் கைக்குள் வரும். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணிசெய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளுக்கு நோய்ப்பெயர் சூட்டுவதோடு நின்றால் இதன் பாதிகூடப் புரியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று தொடர்ந்து எழுதிவருகிறார். அந்தத் தாய்மாரில் மருந்தும் ஆறுதலும் உடனே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். ஆனால் பிள்ளை எங்கே என்று கேட்பதை ஒரு நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்ளும் நாள் வந்தால், அரசுக்கு அதைவிட வசதியான மருத்துவச் சான்றிதழ் வேறு இருக்காது.

நீதிமன்றங்கள் இதில் சில நேரம் மருத்துவர்களைவிட நிதானமாக இருந்திருக்கின்றன. மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஒரு கணவர் கேட்ட விவாகரத்தை, ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நோயின் பெயரை நிரூபித்தால் போதாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்பதைத்தான் இந்து திருமணச் சட்டம் கேட்கிறது என்றது. ஆனாலும் குடும்ப நல நீதிமன்ற வாசலில் பழைய மருந்துச் சீட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் குறையவில்லை.

வேறு சாதிப் பையனைக் காதலித்த மகளுக்குப் ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று கவுன்சிலிங் அழைத்துப்போவதும், அதற்கும் மசியாவிட்டால் மனநல மருத்துவமனையில் சேர்க்க வழி தேடுவதும் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. அந்த வீடுகளுக்கும், அந்த மகள்களுக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு தெரிந்திருப்பது நல்லது. ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்க்க, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். கடுமையான மனநோய் இருக்க வேண்டும். அதனால் அவர் அண்மையில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றோ மிரட்டியோ இருக்க வேண்டும், அல்லது பிறரிடம் வன்முறை காட்டியிருக்க வேண்டும், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அபாய நிலையில் இருக்க வேண்டும். பெற்றோர் பேச்சைக் கேட்காதது அந்த வரிசையில் இல்லை. முதலில் 30 நாள்தான் வைத்திருக்கலாம். பெண்ணாக இருந்தால் மூன்று நாளைக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சேர்க்கப்பட்டவரே வாரியத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, இலவசச் சட்ட உதவி உண்டு, ஏழு நாளில் முடிவு சொல்லியாக வேண்டும்.